மே 22: விளக்கேற்றப்படாத நாள்

தமிழரின் பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். ஈழத்தமிழருக்கோ அது நினைவேந்தற் காலம். ஏப்ரல் 19 அன்னை பூபதி, ஏப்ரல் 26 தந்தை செல்வா, மே 18 முள்ளிவாய்க்கால், மே மாதம் முடியும்போது எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் என நாட்கள் வரிசையாக வருகின்றன. இந்த வரிசையில் மே 22 இல்லை. அந்த நாளில் எங்கும் விளக்கேற்றப்படுவதில்லை.

1972 மே 22 அன்றுதான் இலங்கை குடியரசானது. அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு நாட்டை ஒற்றையாட்சி என்று அறிவித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்பதை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு கைவிடப்பட்டது. ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சமான சட்டங்களை நாடாளுமன்றம் இயற்ற முடியாது என்று சொன்ன பிரிவு அது.

அந்தப் பிரிவு எம்மைக் காப்பாற்றியதா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தையோ, 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தையோ அது தடுக்கவில்லை. ஆனாலும் நீதிமன்றப் படியேறி வாதாட ஒரு கதவாவது திறந்திருந்தது. 1972 இல் அதுவும் மூடப்பட்டது.

அந்த மே மாதத்திலிருந்து அடுத்து நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் தமது கோரிக்கைகள் எடுபடாத நிலையில் தமிழரசுக் கட்சி 1971 இலேயே வெளியேறிவிட்டது. குடியரசு அறிவிக்கப்படுவதற்கு எட்டு நாட்கள் முன்னர், மே 14 அன்று திருகோணமலையில் தமிழர் ஐக்கிய முன்னணி உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் செல்வநாயகம் தனது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கோரினார். இடைத்தேர்தலை நடத்த அரசுக்கு 1975 பெப்ரவரி வரை சென்றது. அவர் பெருவெற்றி பெற்றும் கொழும்பு அசையவில்லை. 1976 மே 14 அன்று பண்ணாகத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. தனிநாடு கேட்ட அந்தத் தீர்மானம் 1972 அரசியலமைப்பையே நேரடியாகக் குற்றஞ்சாட்டியது.

அதற்குப் பிந்தியவற்றை நாம் விளக்கேற்றி நினைவுகூருகிறோம். ஆனால் விளைவுகளுக்கு நாள் குறித்துவிட்டு, காரணத்துக்கு நாள் குறிக்க மறந்துவிட்டோம். இதனால் எமது நினைவேந்தல்கள் துயரத்தின் சாட்சியங்களாக நிற்கின்றன. அரசியற் கோரிக்கையாக முழுமை பெறுவதில்லை. போதாக்குறைக்கு, யார் முதற்சுடரை ஏற்றுவது என்ற கட்சிப் போட்டி வேறு.

அரசுக்கு இந்த நாட்களின் பெறுமதி நன்றாகவே தெரியும். 2024 மே மாதத்தில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டதை நாம் பார்த்தோம். ஒரு சிரட்டைக் கஞ்சி சொல்லும் கதைக்கு அவ்வளவு பயம்.

புதிய அரசியலமைப்பு என்ற வாக்குறுதியோடுதான் தேசிய மக்கள் சக்தி 2024 இல் ஆட்சிக்கு வந்தது. யாழ். தேர்தல் மாவட்டத்திலும் ஆறு ஆசனங்களில் மூன்றை அது வென்றது. அந்த வாக்குறுதியை எடைபோட எமக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அது மே 22 இலேயே இருக்கிறது. அன்று எழுதப்பட்ட ஒற்றையாட்சியும் பௌத்தத்துக்கான முதன்மை இடமும் 1978 அரசியலமைப்பிலும் தொடர்ந்தன. மொழி தொடர்பான ஏற்பாடுகள் பின்னர் திருத்தப்பட்டும் அந்த இரண்டும் அசையவில்லை. இனி வரும் வரைவு எதுவானாலும், அந்த இரண்டு இடங்களிலும் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நாம் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கஞ்சி வாங்கும் பிள்ளை, "ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்கும். பதிலை 2009 இலிருந்து தொடங்கினால் அது அழுகையோடு முடிந்துவிடும். 1972 இலிருந்து தொடங்கினால், அந்தப் பிள்ளை அடுத்த கேள்வியைக் கொழும்பிடம் கேட்கும்.