ஸஃபில் இருக்கும் சமத்துவம் சம்பந்தத்தில் எங்கே?

செஞ்சிக் கோட்டையை அறிந்தோர் தேசிங்குராஜன் கதையையும் அறிவர். 1714ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து மாண்ட அவ்விளைஞனுக்காக, மோவுத்துக்காரன் என்று கதைப்பாடல் அழைக்கும் அவனுடைய முஸ்லிம் தோழன் மணக்கோலத்தைத் துறந்து களம் புகுந்து உயிர் நீத்தானாம். நல்லிணக்க மேடைகளில் இக்கதையை நாம் பெருமிதத்துடன் எடுத்துரைக்கிறோம். பிற சமயத்தாரோடு கொண்ட தோழமையைப் பேசும் நாம், நமக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வைப் பேசத் தயங்குவது ஏன்?

செஞ்சியைப் போன்ற சிற்றூர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் உருது பேசும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக அருகருகே வாழ்கின்றனர். ஐவேளையும் ஒரே ஸஃபில் தோளோடு தோள் சேர்த்து நிற்கின்றனர். ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேச்செழுந்தால், “அவர்கள் லெப்பை”, “இவர்கள் தக்கனி”, “அவர்கள் முடிதிருத்தும் குடும்பம்”, “அவர்கள் நேற்று வந்தவர்கள்” என்னும் சொற்கள் நாவில் தாமாகவே வந்து அமர்ந்துவிடுகின்றன. பள்ளிவாசலின் வாயிலில் செருப்போடு கழற்றிவைத்த குலப்பெருமையை, திரும்பும்போது மறவாமல் எடுத்து அணிந்துகொள்கிறோம்.

இதற்கு மார்க்கச் சாயம் பூசுவோரும் உளர். ‘குஃபூ’ பார்க்கச் சொல்லவில்லையா என்று வினவுகின்றனர். ஹனஃபி நூல்களில் வமிசமும் தொழிலும் பேசப்படுவது உண்மையே. ஆனால் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப்பற்றையே அதன் அளவாகக் கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? மணமக்கள் இணங்கி வாழ வேண்டும் என்னும் அக்கறையில் எழுந்த சட்டப் பேச்சை, ஒரு குடும்பத்தைப் பரம்பரை பரம்பரையாகத் தாழ்த்திவைக்கும் ஆயுதமாக்குவது எவ்வகையில் நியாயம்? குலங்களும் கோத்திரங்களும் அறிமுகத்திற்கே, சிறப்போ இறையச்சத்திற்கே என்று சூரா அல்ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் தீர்ப்பளித்துவிட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஸைத் (ரலி) அவர்களுக்குத் தம் அத்தை மகளான ஸைனப் (ரலி) அவர்களையே நபி (ஸல்) அவர்கள் மணமுடித்து வைத்தார்கள். மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறி பாங்கு சொல்லும் பெருமை பெற்றவர் கறுப்பினத்தவரான பிலால் (ரலி) அவர்களே.

புதிதாக இஸ்லாத்தில் இணைந்தோர் நிலை இன்னும் வேதனைக்குரியது. 1981ஆம் ஆண்டு நெல்லைச் சீமையின் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினர். அவ்வூர் ரஹ்மத் நகர் என்று பெயர் பெற்றது. அவர்கள் வேண்டியது மானத்தோடு வாழும் வாழ்வை. அத்தகையோரின் பேரப்பிள்ளைகளையும் “புதியவர்கள்” என்றே சுட்டுவோமாயின், நாம் யாருடைய வழக்கத்தைப் பின்பற்றுகிறோம்? பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட வகுப்புகளிலிருந்து இஸ்லாத்திற்கு வந்தோரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று 2024இல் தமிழக அரசு ஆணையிட்டது. அரசு சான்றிதழ் வழங்கிவிட்டது. ஜமாஅத் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாமா?

“காலம் மாறும், தானே சரியாகும்” என்பது சோம்பேறியின் சமாதானம். பதினான்கு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் எந்தக் காலத்திற்காகக் காத்திருக்கிறோம்? செய்ய வேண்டியவை எளியவை. ஜமாஅத் நிர்வாகத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும், நேற்றுக் கலிமா சொன்னவருக்கும், இடம் வேண்டும். ஜும்ஆ உரையை இரு மொழியினரும் விளங்கிக்கொள்ள வேண்டும். தொழிலைச் சொல்லி இழிவாக அழைப்பதை முத்தவல்லி முதலில் நிறுத்த வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, செல்வாக்குள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளின் நிக்காஹ்வில் முன்மாதிரி காட்ட வேண்டும். ஏழை வீட்டுக்கு உபதேசம் செய்வது எளிது. தம் வீட்டு வாசலைத் திறப்பதே ஈமானுக்குச் சோதனை.

கபரில் வைக்கப்படும் நம்மிடம் உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்றே கேட்கப்படும். உன் வகையறா எது என்னும் கேள்வி அங்கே இல்லை. அங்கே இல்லாத கேள்வியை இங்கே கேட்க நமக்கு உரிமை அளித்தவர் யார்?