உப்பு – தேவையான அளவு

மே மாதம் பிறந்தால் அக்கா சென்னிமலையிலிருந்து பெருந்துறைக்கு வந்துவிடுவாள். கூடவே மச்சான், இரண்டு பை அழுக்குத் துணி, ஏழு வயசில் ஒரு வாண்டு. இந்த வருஷம் எக்ஸ்ட்ராவாக ஒரு கவலையும் பஸ்ஸை விட்டு இறங்கியது.

"டேய் தம்பி, பாப்பாவுக்குக் கோடிங் வரலீங்கறாங்கடா."

"யாருக்கா சொன்னது?"

"ஆன்லைன்ல டெமோ கிளாஸ் எடுத்த சாரு. இப்பவே ஆரம்பிக்கலீன்னா நெம்பப் பின்தங்கிப் போயிருவாளாமா. இருபத்திநாலாயிரம் கட்டோணும். வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டுனா நாலாயிரம் தள்ளுபடியாம்."

ஏழு வயசில் எதிலிருந்து பின்தங்குவது? அந்த வயசில் நான் பல் விழுந்து 'ச' வராமல் பின்தங்கியிருந்தேன். அதற்கு யாரும் தள்ளுபடி தரவில்லை. ஆனால் பாப்பா நிஜமாகவே அழுதிருக்கிறாள். மச்சான் பாவு நூலுக்கென்று வைத்திருந்த பணத்தை எடுக்கத் தயாராக இருந்தார்.

"நமக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியாமயே போச்சுங் மாப்ளே. அதாவது படிக்கட்டும்" என்றார்.

இவர் தறிக்காரர். தறிக்கு மேலே தினமும் லொடக் லொடக் என்று சுற்றுகிற ஜக்கார்டு அட்டைகள் இருக்கிறதே, பிரான்ஸில் 1804-ல் வந்த அந்த ஓட்டை போட்ட அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்குக் கடன் வாங்கினார். கம்ப்யூட்டருக்கு அது பாட்டன் முறை. "நீங்க இத்தனை வருஷமா புரோகிராம்தான் ஓட்டிட்டு இருக்கீங்க மச்சான்" என்றேன். நம்பவில்லை. மச்சினன் பேச்சை எந்த மச்சான் நம்பியிருக்கிறார்?

2020-ல் லாக்டவுன் சமயத்தில் இதே பயத்தை விற்ற விளம்பரங்கள் ஞாபகம் இருக்கலாம். கோடிங் படித்துக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிய ஒரு பொடியன் வருவான். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயசு மாறும். கடைசியில் பார்த்தால் அப்படி ஒரு பையனே கிடையாது, கற்பனைப் பாத்திரம்! விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் தலையிட்டுச் சிலதை வாபஸ் வாங்க வைத்தது. அதே வருஷம் வந்த தேசியக் கல்விக் கொள்கையே கோடிங்கை நடுநிலை வகுப்புகளில்தான் வைத்திருக்கிறது.

அதற்காகச் சின்னதுகளுக்கு ஆகவே ஆகாது என்றும் இல்லை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயசிலேயே பள்ளிக்கூடத்தில் உண்டு. ஆனால் அங்கே பிரபலமான பாடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். டீச்சர் ரோபோ மாதிரி நிற்பார். முன்னால் ரொட்டி, ஜாம், கத்தி. ஜாம் சாண்ட்விச் செய்யப் பிள்ளைகள் கட்டளை கொடுக்கவேண்டும். டீச்சர் சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்வார். "ஜாமை ரொட்டி மேலே வை" என்றால் பாட்டிலோடு தூக்கி வைப்பார். வகுப்பே கெக்கே பிக்கே. கம்ப்யூட்டர் என்கிற ஜந்துவின் முழு சுபாவமும் அந்த அரை மணியில் புரிந்துவிடும்.

பெருந்துறையில் ஜாமுக்கு என்ன மரியாதை? நமக்கு அரிசிம்பருப்பு!

கொங்கு நாட்டுக்கு வெளியே வாழும் துர்பாக்கியசாலிகளுக்காக: அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாயோடு ஒன்றாக வேகும் சாப்பாடு. நெய் ஊற்றிச் சாப்பிட்டால் அப்புறம் ஆபீஸ் போகத் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு இதுதான். நான் ரோபோ. பாப்பா புரோகிராமர். அடுப்புப் பக்கம் அவள் வரக்கூடாது, முக்காலி மேல் நின்று கட்டளை மட்டும். அம்மா டெக்னிகல் அட்வைசர். அவர் ஏற்கெனவே முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த சாரு டீபக்கிங்னு சொன்னாரே, அப்படின்னா?"

"அம்மாயி பண்றாங்களே, அதுதான்."

சத்தியமாக. 1947-ல் ஹார்வர்டின் மார்க்-2 கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது, உள்ளே ஒரு பூச்சி மாட்டியிருந்ததைப் பிடித்து நோட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். யந்திரக் கோளாறுக்குப் 'பூச்சி' என்று சொல்வது எடிசன் காலத்திலேயே உண்டு. ஆனால் நிஜப் பூச்சி கிடைத்தது அன்றைக்குத்தான். அந்த நோட்டு அமெரிக்க மியூசியத்தில் இன்னும் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "வேப்பலை போட்டு வெச்சிருந்தா வந்திருக்காதே" என்றார். ஆன்ட்டி வைரஸ் வரைக்கும் பாடம் ஓவர்.

"அரிசியைக் கழுவுங் மாமா."

ரோபோ சோப்பை எடுத்தது. அம்மா போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து போனது.

"தண்ணியில கழுவுங்!" நான் இரண்டு கையையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். எப்போது நிறுத்துவது என்று சொல்லவில்லையே? பாப்பா யோசித்தாள். "மூணு தடவை." அப்படி வா வழிக்கு. 'வெங்காயத்தைப் போடுங்' என்றபோது தோலோடு போனது. அதற்குப் பிறகு தோலை உரி, பாதியாக வெட்டு, எண்ணெய் காய்ந்ததும் போடு என்று பிரித்துப் பிரித்து வந்தது கட்டளை. கால் மணி முன்னால் உம்மென்று இருந்த குழந்தை முக்காலி மேல் கலெக்டர் மாதிரி நின்றாள்.

தகராறு உப்பில் வந்தது.

"உப்புப் போடுங்."

"எவ்வளவு?"

பாப்பா அம்மாயியைப் பார்த்தாள். அம்மாயி, "தேவையான அளவு" என்றார்.

தமிழ்நாட்டில் அச்சான அத்தனை சமையல் குறிப்பிலும் கடைசி வரி இதுதான். இந்தப் பத்திரிகையும் விதிவிலக்கல்ல. யாருக்குத் தேவையான அளவு? பிரஷர்காரருக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கா? டொனால்டு க்னூத் என்ற கம்ப்யூட்டர் மேதை 1968-ல் தன் பெரிய புத்தகத்தின் முதல் பாகத்தில் சமையல் குறிப்பைத்தான் உதாரணம் எடுத்தார். ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, சாமானும் பலகாரமும் உண்டு. ஆனாலும் துல்லியம் போதாது, புரோகிராம் ஆகாது என்று தள்ளிவிட்டார். சிட்டிகை உப்பு எவ்வளவு என்றாவது வரையறுக்கலாம், அதை எந்த இடத்தில் போடுவது என்பது அவர் கவலை.

"அம்மா, ரோபோவுக்குத் தேவையான அளவெல்லாம் தெரியாது. வேற மாதிரி சொல்லு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "என்றா பெரிய வித்தை? தண்ணி கொதிக்கறப்ப ஒரு சொட்டு உள்ளங்கையில உட்டு நக்கிப் பாரு. சப்புனு இருந்தா ஒரு சிட்டிகை போடு. மறுக்காப் பாரு. சப்புனு இல்லாத வரைக்கும் இதையே செய்யி."

நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். மூன்றாம் கிளாஸ் படித்த என் அம்மா சொன்னது அசல் லூப்! சோதனை, நிபந்தனை, செயல், மறுபடி சோதனை. க்னூத் வந்து இரண்டு கவளம் சாப்பிட்டிருக்கவேண்டும்.

இன்னொன்று கவனித்தீர்களா? 'சப்புனு இருந்தா போடு' என்று தமிழில் நிபந்தனை முன்னால், 'இருந்தால்' பின்னால். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ்க் கம்ப்யூட்டர் மொழியிலும் அப்படியே: நிபந்தனையை எழுதிவிட்டுப் பிறகுதான் 'ஆனால்' வரும். அச்சடிக்க 'பதிப்பி', திரும்பத் திரும்பச் செய்ய 'வரை'. அம்மா பேசுகிற வரிசை கம்ப்யூட்டருக்கும் செல்லுபடியாகிறது.

லூப் சரி, ரோபோதான் கோளாறு. கொதிக்கிற தண்ணீரை முதல் தடவையே நக்கியதில் என் நாக்கு வெந்து உணர்ச்சி போய்விட்டது. சப். ஒரு சிட்டிகை. மறுபடி சப். இன்னொரு சிட்டிகை. ஆறாவதில் அம்மா கையைப் பிடித்தார். போதாததற்கு, மூடி போட்டு 'மூணு விசில் வரும் வரை நில்லுங்' என்று பாப்பா சொன்னாள், வெயிட் போடச் சொல்லவில்லை. வெயிட் இல்லாமல் விசில் எந்த ஜென்மத்தில் வரும்? இன்ஃபினிட் லூப். அடி பிடித்த வாசனைதான் காப்பாற்றியது.

தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம். பாப்பா நோட்டை எடுத்து, "வெயிட் போடு" என்று நடுவில் அம்புக்குறி போட்டுச் சேர்த்தாள். அழவில்லை. அந்த டெமோவில் இவள் தப்பு செய்ததும் சிவப்பாகப் பெருக்கல் குறி வந்ததாம். இங்கே தப்பு செய்ததும் கருகின சோறு வந்தது. அதைச் சுரண்டித் தின்ன அவளே முதலில் நின்றாள்.

சாயங்காலம் மச்சானின் டேப்லெட்டில் ஸ்க்ராட்ச் ஜூனியர் போட்டுக் கொடுத்தேன். 2014-ல் எம்.ஐ.டி.யும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டது, ஐந்திலிருந்து ஏழு வயசுக்கு. இலவசம். கட்டளைக் கட்டைகளில் எழுத்தே இல்லை, படம்தான், படிக்கத் தெரியவேண்டாம். 'எத்தனை தடவை' என்று எண் போடுகிற கட்டையைப் பார்த்ததும், "மாமா, இது அரிசி கழுவறது!" என்றாள். எனக்கு அதற்கு மேல் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான், நான் சிப்காட்டில் கணக்கு எழுதுபவன்.

நடுவில் டேப்லெட் பாஸ்வேர்டு கேட்டது. "அப்படின்னா என்னடா?" என்றார் அம்மா.

"உன் கொழம்புப் பொடிக்குப் போடற அளவு. எதுத்த வீட்டக்கா ஆறு வருஷமாக் கேட்டும் நீ சொல்லலையே, அது."

"அப்ப ஓடிபி?"

"ஒரு தோசைக்கு ஊத்துன மாவு. அந்தத் தோசையோட செரி. யாருக்கும் எடுத்துக் குடுக்கக்கூடாது, பேங்க்காரனே கேட்டாலும்."

அம்மா முகம் மாறியது. போன மாசம் ஒருத்தன் பேங்க்கிலிருந்து பேசுவதாக நம்பர் கேட்டானாம். கண்ணாடி கிடைக்கவில்லை என்பதால் அப்புறம் கூப்பிடச் சொன்னாராம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணாடி மட்டும் கையில் இருந்திருந்தால்? அவன் புதன்கிழமை மறுபடி கூப்பிட்டான். அம்மா ஸ்பீக்கரில் போட்டு, "பொடி அளவெல்லாம் நாங்க யாருக்கும் சொல்றதில்லீங்" என்று கட் செய்தார். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பான்.

மச்சான் பாவு நூல் வாங்கிவிட்டார். நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"ஏண்டா, என்னத்தடா சொல்லிக் குடுத்து உட்ட? கொஞ்ச நேரம் படின்னா, கொஞ்ச நேரம்னா எத்தனை நிமிஷம்கறா. நல்லாப் பல்லு வெளக்குன்னா, மேலயும் கீழயும் எத்தனை தடவைன்னு கேக்கறா. அவங்கப்பா சீக்கிரம் வாரேன்னு சொல்லிட்டுத் தறிக்குப் போனாரு, வாசல்ல மறிச்சு நிக்க வெச்சு மணி கேட்டிருக்கறா. பேசாம அந்த இருபத்திநாலாயிரத்தையே கட்டியிருக்கலாம்டா!"