யாருடைய கிரவல் பாதை?

நோர்வூட்டிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிச் செல்லும் தோட்டப் பாதையில் கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிள் என்னுடையதல்ல, கொழும்பில் என்னோடு வேலை செய்யும் நண்பருடையது. ஓட்டப்பந்தய சைக்கிள் போல வளைந்த கைபிடி, ஆனால் டயர் மட்டும் 40 மில்லிமீற்றருக்கும் அதிக அகலம். ‘கிரவல் பைக்’ என்கிறார்கள். அதன் விலையைக் கேட்டபோது ஒரு தோட்டத் தொழிலாளியின் எத்தனை மாதச் சம்பளம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது விடாத பழக்கம்.

ஒரு வளைவில் கொழுந்துப் பையோடு வந்த அக்கா ஒருவர் என்னை நிறுத்தினார்.

“தம்பி, ரோட்ட அளக்கவா வந்தீங்க?”

“இல்லக்கா, சும்மா ஓட்டிப் பாக்க வந்தேன்.”

“இந்த ரோட்டையா?” என்று சிரித்தார். “போட்டுத் தரப் போறாங்கன்னு நெனச்சிட்டேன்.”

கிரவல் சைக்கிளோட்டம் இன்று உலகெங்கும் வேகமாக வளர்ந்துவரும் பொழுதுபோக்கு. 2022இல் இத்தாலியில் இதற்கென முதலாவது உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்தது. வாகன நெரிசலுள்ள தார் வீதியை விட்டு விலகி, ஏரியும் பள்ளத்தாக்கும் உள்ள இடங்களில் கரடுமுரடான பாதைகளைத் தேடிப் போவதுதான் இதன் சுவை. அந்த வகையில் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை பள்ளத்தாக்குக்கு இணையான இடங்கள் அதிகமில்லை. ஒரு பக்கம் காசல்ரீ, மறுபக்கம் மவுஸ்ஸாக்கலை, தூரத்தில் சிவனொளிபாதமலை. 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள் இவை. மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரியும். பொகவந்தலாவையிலிருந்து மலையேறி டயகமப் பக்கம் இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் தோட்டப் பாதைதான். சொல்லப்போனால் எனக்கே அன்று மிகவும் பிடித்திருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ ட்ரெய்ல்’ இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் வருகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளம். ஐரோப்பிய ஒன்றியமும் யூஎஸ்எயிட்டும் உதவிய திட்டம். நடப்பதற்காக அடையாளப்படுத்தப்பட்டது என்றாலும் சைக்கிள்காரர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். பாதை புதிதாக வெட்டப்பட்டதல்ல. தேயிலை கொண்டுபோக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எங்கள் பாட்டன்மார் வெட்டிய பாதைகளைத்தான் இணைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாதைகள் ஏன் இன்னும் கிரவலாகவே இருக்கின்றன? ‘இயற்கை எழில்’ என்று சுற்றுலாப் பக்கங்கள் எழுதுகின்றன. காரணம் இயற்கையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் அவரால் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு லோட் கல்லைக்கூடக் கொட்ட முடியாது. முப்பது வருடங்கள் இப்படியே போனது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதையொட்டிய காலத்தில்தான் மிகப் பெரிய அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாகின. இப்போது சட்டத் தடை இல்லை. ஆனால் பாதை ஓடும் நிலம் அரசுடையது, 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருப்பது. சபையிடம் போனால் தோட்டத்தைக் காட்டுகிறார்கள், தோட்டத்திடம் போனால் சபையைக் காட்டுகிறார்கள்.

இன்னொரு விடயமும் உண்டு. கிரவல் பாதை என்றாலே மோசமான பாதை என்று அர்த்தமில்லை. நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும், ஓரத்தில் கான் இருக்க வேண்டும், நீர் குறுக்கே ஓடும் இடங்களில் மதகு வேண்டும். முன்பு தோட்டங்களில் கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். என் தாத்தாவின் வேலையே அதுதான். தொழிலாளர் எண்ணிக்கை குறையக் குறைய முதலில் கைவிடப்பட்டது அந்த வேலைதான். கான் அடைபட்டால் மழைநீர் பாதையையே கானாக்கிக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் மண்ணும் சிறுகல்லும் போய், பெரிய கற்கள் மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது, மண்சரிவோடு பாதைகளும் போய்ப் பல தோட்டங்கள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டன. அவ்வளவு மழைக்கு எந்தப் பாதையும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் கானும் மதகும் இல்லாத பாதைக்குப் புயலே தேவையில்லை.

நான் பிறந்த தோட்டம் வேறு பள்ளத்தாக்கில் இருக்கிறது. என் தம்பி பிறந்த இரவு அம்மாவைக் கொழுந்து லொறியில்தான் கொண்டுபோனார்கள். ஏழு கிலோமீற்றர் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. லொறியின் பின்புறம் படங்கின் மேல் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அம்மாயி உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அன்று அந்தப் பாதையில் அம்மாவுக்கு வலித்த ஒவ்வொரு கல்லும், இன்று நண்பரின் சைக்கிள் குழுவினர் பேசும் மொழியில் ‘டெக்னிக்கல் செக்‌ஷன்’.

இந்தப் பள்ளத்தாக்கில் வைத்தியசாலை இல்லாமல் இல்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் கட்டப்பட்டது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார், நோர்வூட் மைதானத்தில் கூட்டமும் நடந்தது. கட்டில் இருக்கிறது, டொக்டரும் இருக்கிறார். மேல் டிவிஷன் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வந்துசேர்வதுதான் கஷ்டம்.

சுற்றுலா வரட்டும், அதனால் பாதையும் சீராகும், வருமானமும் வரும் என்று சொல்பவர்களை நான் கேலி செய்யவில்லை. ஆனால் வருமானம் யாருக்கு? காசல்ரீயைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் பல இன்று டொலரில் கட்டணம் வாங்கும் விடுதிகள். அதே பாதையில் லயத்தில் இருக்கும் ஒரு குடும்பம் இரண்டு அறையைச் சுத்தப்படுத்தி ‘ஹோம்ஸ்டே’ நடத்த முடியுமா? வீட்டுக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, பதிவு செய்வதும் கடினம். தேநீர்க் கடை போட ஒரு தகரக் கொட்டில் கட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அடிப்படை நாட்சம்பளத்துக்குத் தேயிலை பறிப்பவர், தான் பறித்த தேயிலையைக் குடிக்க வருபவருக்கு ஒரு கோப்பை விற்க முடியாத நிலை.

இத்தாலியின் டஸ்கனியிலும் இதுபோன்ற வெள்ளைக் கிரவல் பாதைகள் இருக்கின்றன. அவற்றைத் தார் மூடிவிடாமல் காப்பாற்றத்தான் 1997இல் ‘லெரோய்கா’ என்ற பழைய சைக்கிள் ஓட்டம் தொடங்கப்பட்டது. அங்கே கிரவலை வைத்திருப்பது ஒரு தெரிவு. பாதையோரத்துத் திராட்சைத் தோட்டக்காரருக்கு நிலமும் வீடும் சொந்தம், வருபவருக்கு வைன் விற்கிறார், ஊராட்சி பாதையைப் பராமரிக்கிறது. நம்மவர்களிடம் யாரும் தெரிவைக் கேட்கவில்லை. என் பயம் இதுதான்: கரடுமுரடே விற்பனைப் பொருளாகிவிட்டால், நாளை பாதையைப் போடச் சொல்லும் மக்களிடம் ‘பாரம்பரியத்தைக் கெடுக்காதீர்கள்’ என்று யாரோ சொல்லக்கூடும்.

எல்லாப் பாதைக்கும் காபட் போடச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த அக்காவும் காபட் கேட்கவில்லை. “ஆட்டோ வந்தா போதும் தம்பி, இந்த வளைவுக்கு அங்கிட்டு எவனும் வரமாட்டேங்கிறான்” என்றார். கானை வெட்டி, அந்த வளைவில் ஒரு மதகு வைத்து, கிரவலைக் கொட்டி அமுக்கினால் ஆட்டோவும் வரும், அம்புலன்ஸும் வரும், சைக்கிளும் ஓடும். 2018 திருத்தத்துக்குப் பிறகு இதைப் பிரதேச சபை செய்யலாம். பயணப் பாதைகளை விளம்பரப்படுத்துபவர்களும் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம், எந்தப் பகுதிக்கு என்பதை அந்தந்த டிவிஷன் மக்களே சொல்லட்டும்.

கொழும்புக்குத் திரும்பியதும் நண்பர் நான் ஓட்டிய வழியின் ஜிபிஎஸ் பதிவைக் கேட்டார். அனுப்பினேன். கூடவே அந்த வளைவின் படத்தையும், கொழுந்துப் பையோடு அக்கா அதைக் கடக்கும் படத்தையும் அனுப்பினேன். அடுத்த மாதம் பத்துப் பேர் போகிறார்களாம். போகும்போது நோர்வூட் பிரதேச சபைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.