குடியனுக்கும் வக்கீலா?

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காக ஒரு வக்கீல் எழுந்து பேசினால், அவரையும் அந்தக் குற்றத்தின் பங்காளியாகவே எண்ணும் வழக்கம் நமது ஜனங்களிடையே இருந்து வருகிறது. படித்தவர்களும் இப்படிப் பேசக் கேட்கையில் நமக்கு விசனமுண்டாகிறது. மதுபானத்தை நாம் ஆதரிப்பவரல்லோம். வெறிகொண்டு வண்டியோட்டி வழிச் செல்வோரைக் கொல்லுகிறவன் தண்டனைக்குரியவனே. ஆனால் அவன் வெறிகொண்டிருந்தானா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரரா, கூடி நின்று கூச்சலிடும் கூட்டமா, சாக்ஷியத்தைக் கேட்ட மாஜிஸ்டிரேட்டா?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு வாய் நாற்றத்தைக் குற்றமென்று கூறவில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்ததாகச் சோதனையிற் புலப்பட வேண்டும். கைதானவனை 2 மணி நேரத்துக்குள் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் காவலினின்று விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு விதிக்கிறது. மூச்சைச் சோதிக்கும் கருவியோ வெறும் யந்திரம். சாராயங் கலந்த மருந்தால் வாய் கொப்பளித்தவனும் சில நிமிஷங்களுக்கு அதற்குக் குடியனே! யந்திரம் சரிபார்க்கப்பட்டதா, இரத்தம் எப்பொழுது எடுக்கப்பட்டது, யார் கைக்கு மாறிச் சென்றது என்று கேட்பதற்கே வக்கீல் இருக்கிறார்.

இக்கேள்விகள் வீண் தந்திரமல்ல. 2024-ம் வருஷம் மே மாதம் பூனா நகரில் 2 பேரைப் பலி கொண்ட மோட்டார் விபத்தில், வண்டியோட்டிய செல்வந்தர் வீட்டுச் சிறுவனது இரத்தமே மாற்றி வைக்கப்பட்டதென்று கூறிப் போலீஸார் வைத்தியர்களைக் கைது செய்தனர். அவ்வழக்கைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. தனவந்தனைக் காக்க மாற்றக்கூடிய குப்பியை ஏழையைக் கெடுக்கவும் மாற்றலாமன்றோ?

தனவந்தனுக்கு வக்கீல் எந்நாளும் கிடைப்பார். லாரியோ ஆட்டோவோ ஓட்டிப் பிழைப்பவன் கதி வேறு. சோதனைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதென்றும் அறியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறான். 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி முதற் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் போயிற்றென்றால் அடுப்பும் அணைந்தது.

வக்கீல்களிலும் சிலர் இத்தர்மத்தை மறந்ததுண்டு. போலீஸாருக்காக எவரும் ஆஜராகலாகாதென்று கோயம்புத்தூர் வக்கீல்கள் சங்கத்தார் தீர்மானித்த விஷயத்தில், அத்தகைய தீர்மானங்கள் செல்லாவென்று சுப்ரீம் கோர்ட்டார் 2010-ம் வருஷம் டிஸம்பரில் திட்டமாய்க் கூறினர். தாம் விரும்பும் வக்கீலைக் கொண்டு வாதாடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22-வது விதி கைதானவர் அனைவருக்கும் அளிக்கிறது, நல்லவருக்கு மட்டுமன்று. சக்கரவர்த்திக்கு விரோதமாக யுத்தஞ் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்திய தேசிய ராணுவத்தாருக்காக 1945-ல் செங்கோட்டையில் வாதாடிய புலாபாய் தேசாயை நாடு போற்றிற்று. சர்க்கார் வெறுத்தவனுக்கு அன்று வக்கீல் வேண்டுமென்ற நாம், நாமே வெறுக்கும் ஒருவனுக்கு இன்று வேண்டாமென்பது எந்த நியாயம்?

காவலிலிருப்போர் எவருக்கும், வருமானங் குறைந்தோருக்கும் இலவச வக்கீல் உதவி உண்டென்று 1987-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. மோட்டார் வழக்குகள் கூப்பிடப்படும் காலை வேளையில் அத்தகைய வக்கீலொருவர் கோர்ட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்யும்படி சட்ட உதவிக் குழுக்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.