கப்பலில் இறங்கப் பழக்க விமானம் இல்லை: கடற்படைப் பயிற்சிப் பிரிவில் நீளும் குறை

புதுதில்லி: கடற்படைக்கு 26 ரஃபேல்-எம் போர் விமானங்களை ஏறத்தாழ ரூ.63 ஆயிரம் கோடிக்கு வாங்கும் ஒப்பந்தம் பிரான்ஸுடன் 2025 ஏப்ரலில் கையெழுத்தானது. அவற்றுள் நான்கு, பயிற்சிக்கான இரட்டை இருக்கை விமானங்கள். அந்த நான்கும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இயங்க இயலாதவை. விலையும் எண்ணிக்கையும் பேசப்பட்ட அளவுக்கு இவ்விவரம் தலைநகரில் பேசப்படவில்லை. கடற்படையின் போர் விமானப் பயிற்சிப் பிரிவான ஐ.என்.ஏ.எஸ். 551-ன் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பும் இல்லை.

கடற்படையின் ஜெட் பயிற்சி, கோவையை அடுத்த சூலூரில் வாம்பயர் விமானங்களுடன் தொடங்கியது. அங்கு ஹன்சா தளமும் இப்பிரிவும் 1961-ல் முறைப்படி அமைக்கப்பட்டன. முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் பணியில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். கோவா விடுதலைக்குப் பின், 1964-ல் ஹன்சா அங்குள்ள டபோலிமுக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் கிரண் வந்தது. 2013 நவம்பரில் விசாகப்பட்டினம் டேகா தளத்தில் ஹாக் சேர்க்கப்பட்டது. கிரணும் ஹாக்கும் விமானப்படையின் தேவையை முன்வைத்து வந்தவை; கப்பல் தளத்தின் கம்பியைப் பற்றி நிறுத்தும் கொக்கி இரண்டிலும் கிடையாது.

கடற்படை விமானியைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துவதே அந்தக் கொக்கிதான். அலையில் ஏறி இறங்கும் தளத்தில், சுமார் நூறு மீட்டருக்குள் விமானத்தை நிறுத்தியாக வேண்டும்.

இதைக் கற்க 2000-களில் இந்திய விமானிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் அங்கு ஓட்டிய டி-45 கோஷாக், ஹாக்கின் கடற்படை வடிவம் என்பது விந்தை. அதையே வாங்கியிருக்கலாமே என்பது எளிது. ஆனால் அதன் உற்பத்தி 2009-ல் நின்றுவிட்டது. இந்தியக் கடற்படைக்குத் தேவைப்பட்டதோ 17 விமானங்கள் மட்டுமே. இத்தனை சிறிய எண்ணிக்கைக்காக எந்த நிறுவனமும் தனி உற்பத்தியைத் தொடங்காது.

ஆகவே ஹாக்கில் தேர்ந்தவர்கள், கோவாவில் கரையில் அமைந்த மாதிரித் தளத்தில் பழகி, பின் இரட்டை இருக்கை மிக்-29 விமானத்தில் ஆசிரியருடன் கப்பலுக்குச் செல்ல முடிகிறது. அந்த மிக் விமானத்துக்கான பாவனைப் பயிற்சிக் கருவி கப்பலில் இறங்கும் பயிற்சிக்கு உதவாது என்று 2016-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறைகூறியது. 2025 ஜூலையில் டேகா தளத்தில், கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண் அதிகாரி சிறகுச் சின்னம் பெற்றார். அவரை அடுத்து வரும் அணிகளின் காலத்தில் மிக் விமானங்கள் விடைபெறும்; ரஃபேலில் ஆசிரியர் உடன்வராமல், முதல் முறையிலேயே தனியாகக் கப்பலில் இறங்க நேரும்.

எடை மிகுதி எனப் போர்ப் பணிக்குக் கடற்படை 2016-ல் ஒதுக்கிய தேஜஸின் கடற்படை வடிவம், 2020 ஜனவரியில் விக்ரமாதித்யாவில் இறங்கிக் காட்டியது. அதில் இரட்டை இருக்கை மாதிரியும் உண்டு. போருக்குப் போதாத விமானம் பயிற்சிக்கும் போதாதா என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் ரஃபேல்கள் வந்து சேருமுன் ஆராய்வது நல்லது.