மென்பொருளும் பாட வேறுபாடும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூல் பகுத்துரைக்கிறது. பவணந்தியார் காலத்தில் மென்பொருள் இல்லை. எனினும் இன்றைய கணிப்பொறி உலகம் தன் ஆக்கங்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களை அறிய அந்த இலக்கணமே போதும். 'பைத்தான்' என்றதும் நம் மாணவர் மலைப்பாம்பை நினைப்பர். அம்மொழியை ஆக்கிய கைடோ வான் ரோசம் அப்பெயரை 'மான்டி பைத்தான்' என்னும் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்தே எடுத்தார். டெபியன் இயங்குதளத்தார் தம் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பாத்திரங்களின் பெயர்களை இடுகின்றனர். என்றும் நிலைபெறாத பிரிவுக்கு மட்டும், பொம்மைகளை உடைக்கும் சிறுவன் 'சிட்' என்பானின் பெயர்! (அது காரணப்பெயராகவே பொருந்திவிட்டது.) சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்சு வெளியீடுகளுள் இரண்டு, அனோகா, அனூப் எனப் பெயர் பெற்றவை. முந்தியது எது, பிந்தியது எது என்று பெயரைக் கொண்டு கூற இயலுமா?

எண்ணே காரணம் உடையது. உபுண்டு 24.04 என்பது 2024ஆம் ஆண்டு நான்காம் திங்களைக் குறிக்கும். பைத்தானின் எண்ணிலோ ஒரு மயக்கம் உண்டு. 3.9ஐவிட 3.12 சிறியது என்பது கணக்கு. ஆனால் 3.9 வந்தது 2020இல், 3.12 வந்தது 2023இல். ஈண்டுப் புள்ளி பதின்மப் புள்ளியன்று, பிரித்துக் காட்டும் குறியே. ஒன்பதாவதற்குப் பின் பன்னிரண்டாவது என்று படித்தல் வேண்டும். ஆல்பா, பீட்டா என்னும் அடை பெற்று வருபவை சோதனைக்குரியன, வகுப்பறைக்கு ஆகா.

தமிழ் பயின்றோர்க்கு இவையெல்லாம் புதியன அல்ல. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் கற்ற உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதனோடு அமையாது, பின்னும் திருத்திய பதிப்புகளை வெளியிட்டார். எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் மேற்கோள் காட்டும் ஆய்வு மாணவரை நாம் கடிந்துகொள்கிறோம். அவ்வளவு ஏன், அரியலூர் மாவட்டமே 2001இல் தோன்றி, 2002இல் பெரம்பலூரோடு மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடியும் பிறந்ததன்றோ! எந்த ஆண்டின் வரைபடம் என்று கேட்டறிந்தே நம் பகுதியைப் படிக்க வேண்டியுள்ளது.

2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பைத்தான், இரண்டாவதோடு முற்றும் ஒத்துப்போகாது என்று அறிவிக்கப்பட்டே வந்தது. 'பிரிண்ட்' என்னும் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இன்றியமையாததாயிற்று. இரண்டாம் பைத்தானுக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிந்தது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றது 2019இல். செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ வரும் மாணவி ஒருத்தி, நூலகத்துப் பழைய நூலில் கண்ட நிரலைப் புதிய பதிப்பில் இடுகிறாள் என்று கொள்வோம். திரையில் பிழைச் செய்தி தோன்றும். அப்பிழை அவளுடையதன்று. அதனை எடுத்துச் சொல்வார் இலரேல், 'இந்தப் படிப்பு நமக்கு வாராது' என்று தன்னையே நொந்துகொள்வாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவர்க்கு இவ்வையம் மிக எளிதில் வந்துவிடும்.

அங்ஙனமாயின் எதனைத் தெரிவது? புதியதே நன்று என்பது ஒரு மயக்கம். பழகியதே போதும் என்பது மற்றொன்று. பின்னதே கல்வி நிலையங்களில் மிகுதி. 1998இல் சி++ மொழிக்கு உலகத் தரம் வகுக்கப்பட்ட பின்னரும், அதற்கு முந்திய டர்போ சி++ நம் நாட்டு ஆய்வகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. பைத்தானில் இன்று ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு உண்டு. கல்வியாண்டு தொடங்கும் சூன் திங்களில், முந்திய அக்டோபரில் வந்ததை ஏற்பதே தக்கது என்போம். எட்டுத் திங்களின் திருத்தங்கள் அதில் சேர்ந்திருக்கும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடியுமட்டும் ஆதரவும் நீடிக்கும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பங்கு என வினவுவார் உளர். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாது என்று இரண்டாம் பைத்தானைக் கேட்டால், யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதிய சொல்லுக்கு அது 15 என்று விடை தரும். அது எண்ணுவது எழுத்தையன்று, பைட்டுகளை. மூன்றாம் பைத்தான் 5 என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் இலக்கணப்படி எழுத்து மூன்றே. பதிப்பு மாறியதால் பதினைந்து ஐந்தாயிற்று. ஐந்து மூன்றாவதற்கு 'ஓப்பன் தமிழ்' போன்றதொரு நிரலகத்தின் துணை வேண்டும். அந்நிரலகத்துக்கும் பதிப்பெண் உண்டு. கணிப்பொறி கொண்டு யாப்பு ஆராயும் மாணவர் இவ்வெண்களைக் குறிக்காவிடின், அவ்வாய்வின் முடிவைச் சரிபார்ப்பது எங்ஙனம்? ஆய்வகப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் பெயர், வகுப்பு, பதிவெண் ஆகியவற்றின் கீழே பதிப்பெண்ணுக்கும் ஒரு வரி அச்சிடுமாறு கணிப்பொறித் துறையினரைக் கேட்டுக்கொள்கிறோம்.