தாழியை முதலில் பார்ப்பவர் வண்டி ஓட்டுநர்தான்

கவரைப்பேட்டையில் மண் அள்ளும் வண்டி வைத்துத் தொழில் செய்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி மனை மேடாக்க, ஷெட் போட, சாலை உயர்த்த எல்லாவற்றுக்கும் சவுடு மண் வேண்டும். அந்த மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகளும் இருக்கின்றன. எங்கள் வட்டாரத்து அமிர்தமங்கலத்தில் 1955-இல் மத்திய தொல்லியல் துறை அகழாய்வு செய்து தாழிகளை எடுத்தது. என்.ஆர். பானர்ஜி எழுதிய அறிக்கை அந்தத் துறையின் இதழிலேயே வந்திருக்கிறது. ஆனால் மண் எடுக்க அனுமதி வாங்கப் போன எந்த இடத்திலும் என்னிடம் அந்த ஊரின் பெயரை யாரும் சொன்னதில்லை.

வெட்டிய பள்ளத்துச் சுவரில் தாழி எப்படித் தெரியும் என்று ஓட்டுநர்களைக் கேளுங்கள். சுற்றிலும் ஒரே நிறமான மண்ணில் ஒரு வட்டம் மட்டும் நிறம் மாறியிருக்கும். அதன் ஓரத்தில் விரல் தடிமனுக்கு ஓடு. நடுவில் பொலபொலவென்ற மண்; அதற்குள் அகம் கறுத்து, புறம் சிவந்த சின்னக் கிண்ணங்கள். சில சமயம் துருவேறிய இரும்புத் துண்டும் கிடைக்கும்.

அங்கே வண்டியை நிறுத்தினால் மணி வாடகை போகும். நிலத்துக்காரருக்கோ, அரசு வந்து இடத்தை முடக்கிவிடுமே என்ற பயம். பொழுது சாய்வதற்குள் அந்தத் தாழி ஏதோ ஒரு கட்டடத்தின் அடிநிரப்பாகிவிடுகிறது. ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

பானையை மட்டும் பத்திரமாக எடுத்துக் கொடுத்தால் போதாதா என்கிறார்கள். போதாது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லைச் சோதித்துத்தான் கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள். 2021-இல் அது சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டிவிட்டால் அப்படியொரு நெல்மணி எங்கிருந்து கிடைக்கும்?

பூமிக்கடியில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் இருந்து என்ன, பள்ளத்தில் நிற்பவருக்கு அழைக்க ஓர் எண் வேண்டாமா? சவுடு அனுமதிச் சீட்டிலேயே அந்த எண்ணை அச்சிடுங்கள். மண் எடுக்கும் முன்பே தொல்லியல் ஆள் ஒருவர் நிலத்தை நடந்து பார்க்கட்டும். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது! தகவல் சொன்னால் மூன்று நாளுக்குள் வந்து பதிவு செய்து இடத்தை விடுவிப்போம் என்று எழுத்தில் கொடுங்கள். வண்டி நின்ற நேரத்துக்கு வாடகையை அனுமதிக் கட்டணத்திலிருந்தே தரலாம். இத்தனையும் செய்தால் என் ஓட்டுநர்கள் நிறுத்துவார்கள். மற்ற வண்டிக்காரர்களிடமும் நானே போய்ப் பேசுகிறேன்.